சல்லடையும் பச்சை விளக்கும்

அந்த மருத்துவமனையின் சர்வர் அறைக் குளிரில் பனிக்கரடியே ஸ்வெட்டர் கேட்கும். ஆனால் சல்லடைக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எதையும் சலித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

நோயாளிகளின் விவரமெல்லாம் பழைய சர்வரில் இருந்தது. அதில் விழும் ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் நகலெடுத்தபடி புதிய ஸ்டாண்ட்பை சர்வர் காத்திருந்தது. இன்று பழையதை அணைத்துவிட்டுப் புதியதிடம் பொறுப்பை ஒப்படைப்பதாக ஏற்பாடு. சல்லடை 'சரி' சொன்னால்தான் நடக்கும்.

அவள் சொல்லவில்லை.

"ரெண்டுலயும் பதிவு எண்ணிக்கை ஒத்துப்போகுது, பச்சை லைட் எரியுது. இன்னும் என்னம்மா?" என்றார் மேனேஜர். பச்சை விளக்கு எரிந்தால் எமனுக்கே வழிவிடுகிற மனிதர் அவர்.

"நகல் வந்து சேர்ந்துச்சுன்னுதான் லைட் சொல்லும் சார். தேடினா கிடைக்குமான்னு சொல்லாது. புதுசுல ஆபரேட்டிங் சிஸ்டம் வேற. பேரை வரிசைப்படுத்துற முறை மாறியிருந்தா?"

"டைரக்டர் வந்துட்டே இருக்காரு. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன். உங்க அம்மா இங்கதானே வைத்தியம் பார்த்துக்கிறாங்க? அவங்க பேரை நீங்களே தேடுங்க."

அவர் இனிஷியல், புள்ளி, பெயர் எல்லாம் அடித்தார். 'அப்படி யாரும் இல்லை' என்றது ஸ்டாண்ட்பை. மறுபடி அடித்தார், கீபோர்டு போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். இல்லை.

சல்லடை பதிவுகளை முதலிலிருந்து புரட்டவைத்தாள். அம்மா பத்திரமாக இருந்தார், பென்சிலின் ஒவ்வாமை உட்பட. பழைய சர்வர் அடுக்கிய வரிசை அப்படியே வந்திருந்தது. புதிய சிஸ்டமோ புள்ளியை வேறு விதமாகக் கணக்கிட்டு வேறு அடுக்கில் தேடியது. சட்டைப்பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீட்டையே தலைகீழாக்குகிற கதை.

"ஒரு பேருதானேம்மா..." என்று இழுத்தார் மேனேஜர்.

"ஒரு பேரா? உங்க அம்மா சார்!"

டைரக்டர் உள்ளே வந்தார். "என்னம்மா, மாத்திரலாமா?"

சல்லடை பழைய சர்வருக்கு முன்னால் மலைபோல் நின்றாள். "முடியாது சார். பழசுல இருக்கிற அதே சிஸ்டத்தைப் புதுசுல போட்டு, நகலை முதல்ல இருந்து எடுத்து, தேடிப் பார்த்துட்டுதான் விடுவேன். அவசரம்னா முதல்ல என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, அப்புறம் இதை அணைங்க."

டைரக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்க சொல்றபடியே செய்யட்டும் சார்" என்றார்.

சல்லடை அதற்குள் ஸ்டாண்ட்பையைத் துடைத்து அழிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் அனுமதி கேட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை.