அந்நியச் சத்தம்

பாட்டின் இரண்டாவது சரணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், புல்லாங்குழல் மெல்ல இறங்கி வரும் இடத்தில், ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துவாள்: "யோவ், மோட்டார நிறுத்துய்யா! டேங்க் வழியுது!" உடனே ஓர் இரும்பு நாற்காலி தரையில் கிறீச்சென்று இழுபடும். பிறகு எதுவுமே நடக்காததுபோல் சரணம் ஆரம்பிக்கும்.

இசையமைப்பாளர் வேதநாதனின் ரசிகர்கள் 'தாழைமடல் திறக்குமுன்னே' பாட்டை இப்படித்தான் கேட்டு வந்தார்கள். படம் வெளிவராமல் பெட்டிக்குள்ளேயே முடங்கிவிட்டது. கேசட் மட்டும் கொஞ்ச நாள் கடைகளில் தலைகாட்டிவிட்டு அதுவும் காணாமல் போனது. யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றிய ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள். ஆகவே டொரன்டோவில் ஒலித்தாலும் சரி, துபாயில் ஒலித்தாலும் சரி, அந்தப் பாட்டில் டேங்க் வழிந்தே தீரும்.

ரசிகன் லேசுப்பட்ட ஆள் இல்லை. காதில் விழுந்ததற்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவான். பெருகும் காதலுக்கு மற்றவர்கள் கடலையும் மழையையும் சொன்னார்கள், டேங்கைச் சொல்லும் துணிச்சல் வேதநாதனுக்கு மட்டுமே இருந்தது என்று ஜெயகிருஷ்ணன் என்கிற பேராசிரியர் எழுதினார். நாற்காலிச் சத்தத்துக்கு அவர் தனிக் கட்டுரையே போட்டார். காதலன் உறவை முறித்துக்கொண்டு எழுந்து போகிறானாம்.

எழுந்து போனது அஸ்தினாபுரம் தயாளன். உறவை எல்லாம் முறிக்கவில்லை, மோட்டாரை நிறுத்தப் போனார். கத்தியது அவர் மனைவி ஜெயஸ்ரீ.

தயாளனின் அப்பா காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் நெல் வயல். இப்போது அதே இடத்தில் அவருக்கு நாலு கடைகளும் மாடியில் வாடகைக் குடித்தனங்களும். வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லாததால் வேதநாதனின் ரசிகராக இருந்தார். அந்தக் காலத்தில் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சரியான ஒயர் கிடைக்கவில்லை. டேப் ரெக்கார்டருக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது நினைவில் இல்லை. ஜெயஸ்ரீக்கு நினைவிருந்தது. மறுபடி எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோது கேசட் உள்ளே சிக்கி நாடா அறுந்துபோனது. சரி, இருக்கிறதாவது இருக்கட்டும் என்று அதையே ஏற்றிவிட்டார்.

ஏற்றிய பெயர் வேறு. தாம்பரம் மார்க்கெட்டில் திருட்டு சி.டி. விற்ற கடைக்காரரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஜெயஸ்ரீயிடமும் சொல்லவில்லை. சொன்னால், "என் மானத்த உலகம் பூரா வாங்கிட்டியாய்யா?" என்று அஸ்தினாபுரம் முழுக்கக் கேட்கும்படி கேட்டிருப்பாள்.

இப்போது அவளால் அப்படிக் கேட்க முடியாது. போன வருடம் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போய்விட்டது, கூடவே குரலும் போய்விட்டது. குரல் நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பினால் திரும்பும் என்றார்கள். திரும்பவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் ஓவியா போன் செய்தால் எடுக்கமாட்டாள், மெசேஜ்தான். தயாளனைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டினாள். டேங்குக்கு ஆட்டோமேட்டிக் சென்சார் வைத்தாகிவிட்டது. நிறைந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும், யாரும் யாரையும் பார்த்துக் கத்தவேண்டியதில்லை.

வீடு அமைதியாக இருந்தது. தயாளனுக்கு அந்த அமைதி அறவே பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் போட்ட கூச்சலுக்கெல்லாம் காதைப் பொத்திக்கொண்ட மனுஷன், அந்தக் கூச்சலுக்காக ஏங்கினார். அவள் பகலில் தூங்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு இணையத்தில் பாட்டைப் போட்டு, திட்டு வாங்கினார். வாங்கிய பிறகு மனசு கொஞ்சம் லேசாகும்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பாட்டின் உரிமையை வாங்கியிருந்த கம்பெனி ஒன்று, செயற்கை நுண்ணறிவால் அந்தப் பாட்டைச் சுத்தம் செய்து வெளியிட்டிருந்தது. 'அந்நியச் சத்தங்கள் முற்றிலும் நீக்கம்' என்று போட்டிருந்தார்கள். டீக்கடையில் நின்று போனில் இதைப் படித்த தயாளனுக்குச் சுரீரென்று வந்தது.

"என் பொண்டாட்டி அந்நியமாம்யா" என்றார், டீ ஆற்றுகிறவரிடம்.

"எந்த ஊரு?" என்றார் அவர்.

வேதநாதன் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்தது. காதுக்கு ஹெட்போன் விலையிலேயே மதிப்புப் போடுகிறவர்கள், இப்போதுதான் பாட்டு பாட்டாக இருக்கிறது என்றார்கள். மற்றவர்கள் பாட்டின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று புலம்பினார்கள். ஒருவர் 'டேங்க் இல்லாத தாழைமடல் எனக்கு வேண்டாம்' என்று எழுதி, தன் முகப்புப் படத்தை எடுத்துவிட்டு அதை வைத்தார். ஒருவர் இலவச ஆப்பில் கேட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். பேராசிரியர் ஜெயகிருஷ்ணன் தன் கட்டுரைகளைத் திரும்பப் பெறமாட்டேன் என்று அறிவித்தார். யாரும் அவரைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. தயாளன் வழக்கம்போல் எல்லாச் செய்திக்கும் கீழே ஒரு கும்பிடு போட்டார்.

சண்டை ஓயுமுன்பே பழைய பிரதிகள் இணையத்திலிருந்து மறைய ஆரம்பித்தன. கம்பெனியின் புகாரின்பேரில் ஒவ்வொரு தளமும் அவற்றைத் தூக்கியது. தயாளன் பதறிப்போய்த் தேடினார். எதைத் தட்டினாலும் 'இந்தப் பாடல் இப்போது இல்லை' என்று வந்தது. அவர் கம்ப்யூட்டர் டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலோடு சேர்ந்து மிதந்து செத்துப் பல வருடமாகிறது. போட்டதே நாம்தானே, எங்கே போய்விடப்போகிறது என்று இன்னொரு பிரதி எடுத்து வைக்காமல் விட்டுவிட்டார்.

குழுவின் அட்மின் பிரிட்டோ, சேலையூர்க்காரன், ஐ.டி. வேலை. அவன் ஓர் அறிவிப்புப் போட்டான்: 'பழைய ஃபைல் என்னிடம் ஒன்று இருக்கிறது. எனக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. யாருக்கும் அனுப்பமுடியாது, மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு அழித்துவிடலாம்.' அந்தக் கூட்டத்துக்கு 'வழியனுப்பு விழா' என்று பேர் வைத்தார்கள். வைத்தவர் அதில் இருக்கும் சிலேடையைத் தனியாக விளக்கவும் செய்தார்.

தயாளன் பிரிட்டோவுக்குப் போன் போட்டார். "தம்பி, அத மட்டும் அழிச்சிடாத. அந்தப் பாட்ட ஏத்துனதே நான்தான். அதுல கத்தறது எங்க வூட்டுக்காரிப்பா."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அங்கிள், இந்த வாரம் நீங்க மூணாவது ஆள். தஞ்சாவூர்ல ஒருத்தர் அவங்க அத்தைங்கறார்."

"எங்கூட்டு டேங்க்குப்பா அது!"

"சரி, ஆன்ட்டி குரலை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. குரலைப் பொருத்திப் பார்க்கறதுக்கு ஒரு ஆப் இருக்கு."

தயாளன் போனைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு ஜெயஸ்ரீயிடம் போய், "மோட்டார் ஓடுதா ஸ்ரீ?" என்று கேட்டார்.

அவள் வினோதமாகப் பார்த்தாள். "அதான் தானா நின்னுடுமே. இன்னாய்யா ஆச்சு ஒனக்கு?" என்றாள், காற்றாக.

ஆப் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளின் குரல் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆபரேஷன் கதையைத் தயாளன் சொன்னார். பிரிட்டோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா டெக்னாலஜி பொய் சொல்லாது" என்றான். தயாளனுக்கு அவனை வண்டலூர் ஜூவில் கொண்டுபோய்ப் புலிகளுக்கு நடுவில் விட்டுவரலாம்போல் இருந்தது.

அதன்பிறகு அவர் ஃபைலைக் கேட்கவில்லை. கடைசியாக ஒரு தடவை போடப்போகிறார்கள், அதையாவது அவள் கேட்கட்டும் என்று மட்டும் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், "சேலையூர்ல ஒரு பாராட்டு விழா, வா" என்று கூப்பிட்டார். யாருக்குப் பாராட்டு என்று அவள் சைகையில் கேட்டாள். "தெரிஞ்ச பொம்பளைக்குதான்" என்றார். அவள் சந்தேகத்தோடு பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

விழா நடந்தது ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். மின்விசிறிகள் தலைக்குமேல் சும்மா சுற்றின. ஐம்பது அறுபது பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், துக்க வீட்டில்போல் பேச்சைக் குறைத்துக்கொண்டு. பேராசிரியர் ஜெயகிருஷ்ணன் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். தயாளன் சுவரோரம் ஜெயஸ்ரீக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிரிட்டோ லேப்டாப்பைத் திறந்து பாட்டைப் போட்டான். முதல் சரணம் போனது. ஜெயஸ்ரீ கொட்டாவி விட்டாள். புல்லாங்குழல் இறங்கத் தொடங்கியதும் கூட்டம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த இடம் வந்ததும் அறுபது தொண்டைகளும் பதிவிலிருந்த குரலோடு சேர்ந்து கத்தின:

"யோவ், மோட்டார நிறுத்துய்யா! டேங்க் வழியுது!"

ஸ்பீக்கரில் நாற்காலி கிறீச்சிட்டது. அதே கணம் ஹாலிலும் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தயாளன் எழுந்து சுவர்ப்பக்கம் பாய்ந்து, கைக்கு எட்டிய சுவிட்சுகளைத் தட்டிவிட்டிருந்தார். எல்லா மின்விசிறிகளும் ஓய்ந்து நின்றன. அவரைக் கேட்டுக்கொண்டு அந்தக் கால்கள் எழவில்லை. அந்தக் குரலுக்கு அவர் உடம்பு அப்படித்தான் பழகியிருந்தது.

பாட்டு தன் பாட்டுக்கு ஓடியது. அதை ஒருவரும் கேட்கவில்லை. ஜெயஸ்ரீ கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. பிறகு கணவரைப் பார்த்தாள்.

"உக்காருய்யா" என்றாள். அந்தக் காற்றுக் குரல் அவ்வளவு அமைதியில் கடைசி வரிசைவரை கேட்டது. "நானாய்யா அது? இவ்ளோ சத்தமாவா கத்துவேன்?"

"இன்னும் ஜாஸ்தியா கத்துவ" என்றார் தயாளன்.

அவள் பிரிட்டோவைப் பார்த்து விரலை உயர்த்தினாள். "இன்னொரு தபா போடு தம்பி."

அவன் போட்டான். அழிக்கவேண்டிய ஃபைலைப் பலமுறை போட்டான். பேராசிரியர் ஜெயகிருஷ்ணன் தயாளனிடம் வந்து, அன்றைக்கு எழுந்து போகும்போது மனநிலை எப்படி இருந்தது என்று விசாரித்தார். "டேங்க் வழிஞ்சுகினு இருந்தது சார்" என்றார் தயாளன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

கிளம்பும்போது பிரிட்டோ ஓடி வந்தான். "சாரி அங்கிள். பாட்டை அனுப்ப முடியாது, அது கம்பெனியோடது. இது அவங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டதுதானே" என்று, கூச்சலும் நாற்காலியும் மட்டும் இருக்கும் துண்டைத் தனியாக வெட்டி அனுப்பினான். தயாளன் தன் போனை நீட்டினார். அவன் அதைத் தாண்டி ஜெயஸ்ரீயின் நம்பரைக் கேட்டு வாங்கி அதற்கு அனுப்பினான்.

மறுநாள் காலை தயாளன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து வீடே அதிரும்படி ஒரு கூச்சல் வந்தது. "யோவ், மோட்டார நிறுத்துய்யா! டேங்க் வழியுது!"

பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினார். ஜெயஸ்ரீ ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தாள். மோட்டார் எப்போதோ நின்றிருந்தது. மேடைமேல் அவருடைய காப்பி ஆறிக்கொண்டிருந்தது.