ரிவர்ஸில் வந்த மாப்பிள்ளை

முதல் தடவை பெண் பார்க்கக் கிளம்பியபோது, வேலனின் ஜீப் நடுவட்டம் அருகே டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. கேத்தியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிப் போகும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி அது. அதன் டீசல் முள் செத்து நாலு வருஷமாகிறது. பந்தலூர் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடுகளில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா காத்தமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். தேயிலை ஃபேக்டரியில் நேரச் சங்கு ஊதி ஓய்வு பெற்றவர். அவர் வேலையிலிருந்த காலம் முழுக்க, அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எஸ்டேட்டில் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டார்கள்.

“சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. பொண்ணு விஷயம் இன்னிக்கு வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முந்தி உங்க வண்டி இந்த வாசல்ல நிக்கணும். அன்னிக்கும் சுணங்குனீங்கன்னா பேச்சை இத்தோட விட்டுருவோம்.”

கதவுக்குப் பின்னால் சுகுணா நின்றிருந்தாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். போன வருஷம் கொட்டும் மழையில் ஒரு பிரசவக்காரியைக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, சந்தைக்கு வந்திருந்த வேலனின் ஜீப்பைத்தான் கைகாட்டி நிறுத்தினாள். அன்றைக்கு மட்டும் எப்படியோ டீசல் தீரவில்லை. அங்கே ஆரம்பித்தது, இங்கே வந்து நின்றிருக்கிறது.

“ஒரு சொட்டு டீசலுக்காக என்னை விட்டுடுவீங்களா?” என்று மறுநாள் போனில் கேட்டாள்.

“இன்னொரு டேங்க்கே வெச்சுப்புடறேன், போதுமா?” என்றான் வேலன்.

சொன்னபடி வைத்தான். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு, பக்கத்துப் பட்டறையில் பின் சீட்டுக்கு அடியில் நீளமாக ஒரு இரும்பு டேங்க்கைப் பொருத்தச் சொன்னான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு திருகு. அதைத் திருப்பினால் பழைய டேங்க் மூடிக்கொண்டு, புது டேங்க்கிலிருந்து டீசல் வரும்.

“குழாயை டேங்குக்கு முன்பக்கம் வெக்கட்டுங்களா, பின்பக்கம் வெக்கட்டுங்களா?” என்று வெல்டர் கேட்டார்.

“முன்பக்கமே வெய்யுங்க. குழாய் கொஞ்சமாப் போதும்” என்றான் வேலன். சமதரையில் நின்று பார்க்கும்போது மலைக்காரனுக்கும் மலை மறந்துபோய்விடுகிறது.

வேலனின் அம்மா மாரியாயி புது டேங்க்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். கால்வாசிக்கு டீசல் ஊற்றினாள். “நல்ல காரியத்துக்குப் போறப்பத்தான் இதைத் தொறக்கோணும். நிச்சயம் ஆவட்டும், மீதியை ரொப்பிக்கலாம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கல்யாண வண்டி மாதிரி பளபளத்தது. ஸ்பேனர் பெட்டி, அழுக்கு ஹோஸ், கேன் எல்லாவற்றையும் வேலன் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டான். மாரியாயி பின் சீட்டில் பூவும் பழமும் பரப்பி, மடியில் ஒரு தூக்குப்போசியை வைத்துக்கொண்டாள். அதில் காய்ச்சிய பால்.

“அவுங்க ஊட்ல பால் இருக்காதா?”

“இருக்கும். நம்ம மாட்டுப்பால் இருக்குமா? பேசாம ஓட்டு சாமி.”

கூடலூர் பங்க்கைத் தாண்டும்போது, “எதுக்கும் பழைய டேங்க்லயும் கொஞ்சம் ஊத்திக்கலாமே” என்றாள்.

“பின்னால இருக்கறது எதுக்கும்மா? நீங்க உட்கார்றதுக்கா?”

பந்தலூர் தாண்டி, எஸ்டேட் ரோடு பிரியும் டீக்கடை முக்கில் இன்ஜின் இருமியது. பழைய டேங்க் தீர்ந்தது. வேலன் சிரித்துக்கொண்டே திருகைத் திருப்பினான், டீசலை இழுக்கும் கைப் பம்ப்பை நாலு அமுக்கு அமுக்கினான். வண்டி குஷியாக உறுமியது. மாரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏற்றத்தில் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். மறுபடி இருமல். நின்றேவிட்டது.

போன் அடித்தது. சுகுணா.

“எங்க இருக்கீங்க? அப்பா வாட்ச்சைக் கையில கழட்டி வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு. இன்னும் கால்மணி நேரந்தான்!”

“உங்க ஏத்தத்துலதான்... வண்டி நின்னுருச்சு.”

“நடந்தாவது வாங்க” என்று மெல்லச் சொன்னாள்.

“அவரு வண்டி நிக்கணும்னுதானே சொன்னாரு!”

டேங்க்கைத் தட்டிப் பார்த்தான். உள்ளே டீசல் சலசலத்தது. இருந்தும் வரவில்லை. திறந்து பார்க்க ஸ்பேனரும் இல்லை.

“பால் நெலமையப் பாரு” என்று மாரியாயி மூடியைத் திறந்து காட்டினாள். “இந்த ஏத்தத்துல பூராவும் பின்பக்கமே சாஞ்சு எம் புடவையெல்லாம் வழியுது. முன்பக்கம் பாரு, போசி காலியாக் கெடக்குது.”

வேலன் பாலைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“டீசலும் பின்னால போயிருச்சும்மா! குழாய் முன்னால காத்தைக் குடிச்சிட்டு இருக்குது!”

“இப்ப என்ன பண்றது?”

“போசியைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க.”

பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, வண்டியை அப்படியே பின்னால் உருட்டி டீக்கடை முக்குக்கு வந்தான். சமதரையில் மறுபடி பம்ப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டியைத் திருப்பி முகத்தைப் பள்ளத்துப் பக்கமாக வைத்தான். கழுத்தைத் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஏற்றத்தில் ஏறத் தொடங்கினான்.

ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். “என்னடா, போறானா வர்றானா?” என்று ஒருவர் கத்தினார். “பொண்ணு பாக்க வர்றோமுங்க!” என்று மாரியாயி பதில் கத்தினாள்.

வீட்டுக்கு முந்தின கொண்டை ஊசி வளைவில்தான் வினை. குறுகிய ரோடு, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, ஒரு பக்கம் வாய்க்கால். வேலனுக்குப் பின் சக்கரம் தெரியவில்லை. வண்டி தயங்கியது. மேலே வாசலில் வாட்ச்சோடு நின்றிருந்த காத்தமுத்து அதைப் பார்த்தார். சுகுணா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“ஏய்ய்! வாய்க்கால்ல விட்டுறாதீங்க!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இறங்கி ஓடினார். வாட்ச்சை மகள் கையில் திணித்துவிட்டுத்தான் ஓடினார். வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

“வரட்டும்... வரட்டும்... ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடிங்க... இன்னும் ஒடிங்க தம்பி... இப்ப நேரா... வரட்டும்!”

கடைசி மேடு வரை பின்னாலேயே நடந்து, ஜீப்பின் உடம்பில் தட்டித் தட்டிக் கூட்டிவந்து, வாசலில் “போதும்!” என்றார்.

சுகுணா வாட்ச்சை உயர்த்திக் காட்டினாள். “அப்பா, நாலு இருபத்தெட்டு!”

மூச்சு வாங்க அவர் வேலனைப் பார்த்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

“ஏந்தம்பி, வர்றப்பவே திரும்பிப் போற மாதிரி நிறுத்திருக்கீங்க?”

“அதில்லைங்க மாமா, டேங்க்ல குழாயை...” என்று ஆரம்பித்தவன், தான் ‘மாமா’ என்றுவிட்டதை உணர்ந்து நிறுத்திக்கொண்டான்.

காத்தமுத்து தோளில் கிடந்த துண்டை உதறி முகத்தைத் துடைத்தார். “உள்ள வாங்க மாப்பிள்ளை. பேச்சை நாலரைக்கு முந்தி ஆரம்பிச்சுரணும்.”

தப்பித்த பாலில் ஆளுக்கு அரை கிளாஸ் டீ வந்தது. மாரியாயி சுகுணாவின் தலையில் பூ வைத்தாள். அப்புறம் பக்கத்து வீட்டில் ஹோஸ் வாங்கி, டீசலைப் பழைய டேங்க்குக்கு மாற்றினார்கள். ஹோஸின் ஒரு முனையை வேலனும் மறுமுனையைச் சுகுணாவும் பிடித்துக்கொண்டார்கள்.

“இந்த வாரமே குழாயைப் பின்பக்கம் மாத்திர்றேன்” என்றான் வேலன்.

“அவசரமில்லை” என்றாள் சுகுணா. “நேரா வந்திருந்தா ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு வந்திருப்பீங்க. இன்னிக்கு வழி பூரா கழுத்தைத் திருப்பி எங்க வீட்டையே பாத்துக்கிட்டு வந்தீங்க.”

வேலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹோஸ் நழுவி டீசல் அவன் புது வேட்டியில் கொட்டியது.

“புடிங்க, புடிங்க!” என்று வாசலிலிருந்து காத்தமுத்து சத்தம் போட்டார். “ஊரு போய்ச் சேர இன்னும் ஏத்தம் எம்புட்டோ கிடக்கு!”