ரவிசங்கர் நியமித்த நடுவர்

“நீதிபதிங்கிறவர் கட்சிக்கு அப்பாற்பட்டவருங்க” என்று ரவிசங்கர் சொல்லி முடித்த நொடியில், கூரையில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது.

மூன்று அலறல், ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. அடுப்படியில் அவர் மனைவி கல்யாணி மசால் வடைச் சட்டியை இறக்கிவிட்டு, தட்டை எடுத்துப் புகையை விசிறினாள். ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் அந்தத் தெரு முழுக்க ஒரே மாதிரி வீடுகள். எந்த வீட்டில் தமிழர் வடை சுடுகிறார் என்பதை அலாரம்தான் ஊருக்குச் சொல்லும்.

“ஜன்னலைத் தொறங்க” என்று கல்யாணி கத்தினாள். ரவிசங்கர் எழுந்திருக்கவில்லை. தமிழ்ச் சங்கத் தலைவர் பேச்சின் நடுவில் எழுந்திருப்பதில்லை. அலாரத்தின் தாளத்துக்கு அவர் விரல்கள் மட்டும் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தன. அதை அவரே கவனிக்கவில்லை.

கவனித்தவள் விக்னேஸ்வரி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, ஆக்லாந்தில் மருந்தாளராக இருப்பவள். சங்கத்தின் இசை நடுவர் குழுவில் மூத்தவள். ‘இந்த மனுசன் எதுக்குத் தாளம் போடுறாரு’ என்று ஒரு கணம் நினைத்தாள். சத்தம் தாங்காமல், “ஏணி எங்க இருக்கு?” என்றாள்.

“கராஜ்லக்கா” என்றாள் கல்யாணி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் விக்னேஸ்வரி போய்விட்டாள்.

ரவிசங்கர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மூன்று மாதமாக அவர் அமெரிக்காவைத் திருத்திக்கொண்டிருந்தார். அங்கே உச்ச நீதிமன்றத்துக்கு ஆளும் கட்சி தன் ஆளையே நீதிபதியாகப் போடுகிறதாம். இது ஜனநாயகப் படுகொலையாம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் எழுதினார். வட்டார வானொலியில் சங்கத்துக்குக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்திலும் பாதியை அதற்கே செலவழித்தார். “நம்ம நியூசிலாந்துல ஒரு நீதிபதி எந்தக் கட்சிக்காரர்னு யாருக்காவது தெரியுமா? அதுதாங்க நாகரிகம்” என்று முடிப்பார். அமெரிக்காவிலிருந்து இதுவரை பதில் வரவில்லை.

மீதிப் பாதி நேரத்தில், இந்த ஆண்டு தனக்குப் பிடித்த ஆல்பங்களைச் சொன்னார். முதலிடம் நவின். நவினின் அப்பா ராஜூ, சங்கத்தின் விழாக்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கொடுப்பவர். அவருடைய மகன் சென்னைக்குப் போய் நூறு வயலின்களை வைத்துப் பதிவு செய்த ஆல்பம் அது. நூறு வயலின்களுக்கு அடியில் நவினின் குரல் எங்கோ ஒளிந்திருந்தது. ஒளிந்திருந்ததே நல்லது என்று விக்னேஸ்வரி நினைத்தாள்.

போட்டிக்கு வந்த இன்னொரு ஆல்பம் விஷாலினியுடையது. அவளும் மலேசியாதான், கிள்ளானிலிருந்து வந்த பெண். பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஷிஃப்ட் முடிந்து, ஒனிஹங்காவில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கராஜில் பாடிப் பதிவு செய்தாள். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது போடும் பீப் பீப் ஒலியையே இரண்டு பாடல்களுக்குத் தாளமாக வைத்திருந்தாள். “அது குடோன் சத்தங்க. அதுக்கெல்லாம் நான் காதைக் குடுக்கறதில்ல” என்று ரவிசங்கர் வானொலியிலேயே சொல்லியிருந்தார்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வாகிறவருக்குப் பொங்கல் விழாவின் மாலை மேடை முழுவதும் சொந்தம். விஷாலினி இரண்டு வருடம் மேடை கேட்டுப் பார்த்தாள். முதல் வருடம் “நேரம் இல்லைங்க” என்றார்கள். அடுத்த வருடம் “உன் தமிழ் நம்ம சனங்களுக்குப் புரியாதும்மா” என்றார்கள். இனி அவளுக்கு மிஞ்சியிருந்த வாசல் இந்தத் தேர்வு ஒன்றுதான். அதையும் மூடிவிட்டால் அடுத்த வருடம் கேட்க மாட்டேன் என்று விக்னேஸ்வரியிடம் சொல்லியிருந்தாள். அவள் பயமுறுத்துகிற ரகம் இல்லை, சொன்னால் சொன்னதுதான்.

நடுவர்கள் மூன்று பேர். விக்னேஸ்வரி விஷாலினியின் பக்கம். பாட்டு டீச்சர் ஆனந்தவல்லி, ராஜூ குடும்பத்தின் பக்கம். மூன்றாவது நடுவர், நடுநிலைக்காரர், போன மாதம் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்கு மாறிப் போய்விட்டார். அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் இந்தக் கூட்டம். நிரப்பியதும் அங்கேயே வாக்கெடுப்பு.

கராஜில் விக்னேஸ்வரி ஏணியை இழுத்தாள். அதன் பின்னால் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் பேனர் சரிந்து, தரையில் பாதி விரிந்தது. பட்டு ஜிப்பாவில் நவின் சிரித்தான். தலைக்கு மேல் தங்க எழுத்தில், ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’. மூலையில் கைகூப்பியபடி ரவிசங்கர்.

நடுவர் நியமனமே இன்னும் ஆகவில்லை. பேனர் அடித்தாகிவிட்டது.

அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், தானே ஏறினாள், அலாரத்தின் பொத்தானை அழுத்தினாள். வீடு அமைதியானது. ஏணியின் மேலிருந்தே சொன்னாள்.

“மிஸ்டர் ரவி, உங்க கராஜ்ல ஒருத்தர் ஜிப்பா போட்டுக்கிட்டு சிரிக்கிறாரு.”

ரவிசங்கரின் முகம் ஒரு நொடிதான் மாறியது. “அது முன்னேற்பாடுங்க மேடம். பொங்கல் சமயத்துல பிரிண்டர் கிடைக்க மாட்டான். தீர்ப்பு வேற மாதிரி வந்தா வேற அடிச்சுக்கலாம்.”

“அப்ப விஷாலினி படம் போட்டும் ஒண்ணு அடிச்சு வச்சிருக்கீங்களா?”

பதிலுக்கு வடைத் தட்டு வந்தது.

“ஃப்ளெக்ஸ்தானேம்மா, விடுங்க” என்றார் ஆனந்தவல்லி, வடையைப் பிய்த்தபடி.

விக்னேஸ்வரிக்கு அப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. கிளம்பினால் விஷாலினிக்கு இருக்கும் ஒரே ஓட்டும் போய்விடும். இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

“சரி, மூணாவது நடுவருக்கு வருவோம்” என்றார் ரவிசங்கர். “நான் சந்தீப்பை முன்மொழியறேன்.”

மூலையில் உட்கார்ந்திருந்த சந்தீப் எழுந்து வணக்கம் சொன்னான். திருச்சிக்காரன். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரவிசங்கருக்குக் கீழே அதே ஐ.டி. கம்பெனியில் வேலை; இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் காலையில் ரவிசங்கரின் காரில்தான் ஆபீஸுக்குப் போவான். கார் பகுரங்காவைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவான், பார்க்கிங்கில்தான் எழுப்ப வேண்டும் என்று ரவிசங்கர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் சொன்னால் சரி என்பதைத் தவிர அவன் வேறு கருத்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“ஒரு நிமிசம்” என்றாள் விக்னேஸ்வரி. “ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு எடம் காலியாச்சி. நான் ஒருத்தர் பேரச் சொன்னேன். நீங்க எந்திரிச்சி என்னா சொன்னீங்க? கமிட்டி காலம் பிப்ரவரில முடியுது, டிசம்பர்ல நடுவர் போடுறது அக்கிரமம், புதுக் கமிட்டிதான் போடணும்னு. மேசையத் தட்டினீங்க. தண்ணி கொட்டிச்சி.”

“அது வேற சூழ்நிலைங்க.”

“என்னா வேற?”

“அப்ப நீங்கல்லக்கா தலைவர்” என்று உள்ளிருந்து கல்யாணி சொன்னாள். அவளுக்கு அன்று வடை தீய்ந்த கோபம்.

ரவிசங்கர் அதைக் காதில் வாங்காத மாதிரி கோப்பையை எடுத்துத் தேநீர் குடித்தார். “அமெரிக்காக்காரன் பண்றதுக்கும் நம்ம பண்றதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்குங்க. அவன் ஆளுக்கு உத்தரவு போடறான். நான் சந்தீப்புக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன். ஏன்டா, சொல்லியிருக்கனா?”

“இல்லண்ணே.”

“எனக்கு எது புடிக்கும்னு அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான். மனசாட்சிப்படி ஓட்டுப் போடட்டும்.”

“ரெண்டு ஆல்பமும் கேட்டீங்களா தம்பி?” என்றாள் விக்னேஸ்வரி.

“கேட்டிருக்கேங்க்கா.”

“எது நல்லா இருக்குன்னு தோணுது?”

சந்தீப் ரவிசங்கரைப் பார்த்தான். “நியமனத்துக்கு முன்னாடி கருத்துச் சொல்றது முறையில்லக்கா.”

“அட. இது யாரு சொல்லிக் குடுத்தது?”

“அண்ணன்தான்க்கா. அமெரிக்காவுல அப்படித்தான் சொல்லுவாங்களாம்.”

ஆனந்தவல்லிக்குத் தொண்டையில் வடை சிக்கிக்கொண்டது. ரவிசங்கர் அவசரமாகக் கை தூக்கச் சொன்னார். தலைவர் ஒரு கை, டீச்சர் ஒரு கை, எதிர்ப்பு ஒன்று. நியமனம் நிறைவேறியது. “மினிட்ஸ்ல ஏத்திருங்க” என்று அவரே சொன்னார். “நாளைக்கு யாரும் இது செல்லாதுன்னு சொல்லக் கூடாது பாருங்க.” விக்னேஸ்வரி மடிக்கணினியில் ஏற்றினாள். அந்த வேலையும் அவளுக்குத்தான். ஐந்து வருடமாகக் குழுவில் இருப்பதற்குக் கிடைத்த மரியாதை.

வாக்கெடுப்பு ஆரம்பமானது. ஆனந்தவல்லி, “நவின். சுருதி சுத்தம். எனக்கு வேற யோசனையே இல்ல” என்றார். அவர் அந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டுதான் கேட்டிருந்தார். அந்த இரண்டிலும் சுருதி சுத்தமாக இருந்தவை வயலின்கள்.

“விஷாலினி” என்றாள் விக்னேஸ்வரி. “நம்ம ஊருல நின்னுகிட்டு, நம்ம வேலையப் பத்திப் பாடுறா. ராத்திரி பஸ்ஸு, ரெண்டு பேரு பாதிப் பாதி போடுற ரெண்ட்டு, விசா லெட்டருக்குக் காத்துக்கெடக்குறது. நவின் தம்பி தாமரைக் குளத்தப் பத்திப் பாடுறாரு. பாட்டனியில குளம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல.”

“நோட் பண்ணிக்கறோம்” என்றார் ரவிசங்கர், எதையும் நோட் பண்ணாமல். நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். தான் எந்த வகையிலும் தலையிடவில்லை என்பதைக் கூரைக்கும் காட்டினார். “சந்தீப்.”

விக்னேஸ்வரி மேஜைக்குக் கீழே போனை எடுத்தாள். விஷாலினி இப்போது ஷிஃப்டில் இருப்பாள். இடைவேளையில்தான் பார்ப்பாள். ‘மன்னிச்சுக்கம்மா’ என்று முதல் வார்த்தையை அடித்தாள்.

“விஷாலினி ஆல்பம்” என்றான் சந்தீப்.

ரவிசங்கரின் பார்வை கூரையிலிருந்து இறங்கியது.

“என்னடா?”

“விஷாலினி ஆல்பம்ணே.”

விக்னேஸ்வரி அடித்ததை அழித்தாள். ‘ரெண்டுக்கு ஒண்ணு. மேடை உனக்கு’ என்று அடித்து, யாரும் எதுவும் பேசுவதற்குள் அனுப்பிவிட்டாள்.

ரவிசங்கர் எழுந்து நின்றார். சங்கத் தலைவர் நடுவில் எழுந்தது அதுதான் முதல் தடவை. “இல்லைங்க. இதை யோசிக்கணும். கமிட்டி காலம் பிப்ரவரியோட முடியுது. டிசம்பர்ல போட்ட நடுவர் எப்படி ஓட்டுப் போட முடியும்? அது ஜனநாயகம் இல்லைங்களே.”

“மினிட்ஸ்ல இருக்கு” என்றாள் விக்னேஸ்வரி. “செல்லாதுன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு நீங்க சொன்னதும் இருக்கு. படிக்கட்டுமா?”

“ராஜூவுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?”

“அந்த ஃப்ளெக்ஸ அவருக்கே குடுத்துருங்க. வீட்டுல மாட்டிக்கட்டும்” என்றாள் கல்யாணி, அடுத்த தட்டு வடையை வைத்தபடி. இந்தத் தடவை வடை சரியாக வெந்திருந்தது.

ரவிசங்கர் இரண்டு பெண்களையும் விட்டுவிட்டார். தான் கூட்டிவந்தவன் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. குரலில் கோபத்தைவிட அதிர்ச்சி அதிகமாக இருந்தது. நாயை வளர்த்தவன், அது பக்கத்து வீட்டுக்காரருக்கு வாலாட்டுவதைப் பார்க்கிற அதிர்ச்சி.

“ஏன்டா, எனக்கு எது புடிக்கும்னு உனக்குத் தெரியாதா? ரேடியோல சொன்னேனே, கேக்கலையா?”

சந்தீப்புக்கு உண்மையாகவே குழப்பமாக இருந்தது. அண்ணனை எங்கே தவறாகப் புரிந்துகொண்டோம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

“ரேடியோல சொன்னது ராஜூ அண்ணனுக்காகன்னுல்ல நெனச்சேன். நீங்க கோர்ட்டப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் நான் கண்ண மூடிக்குவேண்ணே, தூங்கறதில்ல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு நீங்க தினமும் கார்ல போட்டுக் கேக்கறது அந்தப் புள்ள பாட்டத்தானே?”