வேலிக்குள் நிற்கும் பெருக்கமரம்

1

மதிப்பிற்குரிய வாசகரே, இக்கதை நான் ஒட்டுக்கேட்டது. ஃபாத்திக் நகருக்கு வெளியே, உப்பு வெளியின் விளிம்பில் நிற்கும் பெருக்கமரத்திற்கு என்னைப் போன்ற முஸ்லிம்கள், மகான் ஒருவர் தொழுத இடமென்று வருகிறோம். கிறித்தவர்கள் ஜெபமாலையோடு வருகிறார்கள். எங்கள் இரு சாராருக்கும் முன்பிருந்தே செரேர் மக்கள் அதன் வேரில் பால் ஊற்றி வருகிறார்கள். மழையில் ஒரு கிளை முறிந்து விழுந்தது, மற்றொன்றில் விரிசல். ஊர்க் கமிட்டி கம்பிவேலி போட்டு எல்லோரையும் நிறுத்திவிட்டது. தொழுகைப் பாயோடு நானும் வெளியே நின்றேன்.

2

"மானுடம் தன் துயரை மரங்களிடம் ஒப்படைக்கத் தொடங்கிய அந்த—"

(நீக்கிவிட்டேன், பொறுத்தருள்க. அங்கு மானுடம் வரவில்லை. தெனிங் என்ற செரேர்ப் பெண் சுரைக்குடுவையில் பாலோடு வந்தாள். அவள் மகன் லாத்தீர் படகேறி ஸ்பெயினுக்குப் புறப்பட்டவன், செய்தி இல்லை. கடலில் இருப்பவனுக்காகப் பெற்றவளே பால் ஊற்ற வேண்டும்.)

3

கமிட்டி வேலிக்கு வைத்திருந்த காவலரை முதல் வரைவில் கொடியவராக்கியிருந்தேன். அது பொய். அவர் பெயர் பாஸ்கால் தியாத்தா, ஜோலா இனத்தவர். செரேருக்கும் ஜோலாவுக்கும் கேலி உறவு உண்டு: எவ்வளவு திட்டினாலும் கோபிக்கலாகாது, கேலியில் கேட்டதை மறுக்கவும் கூடாது.

"டேய் தியாத்தா, என் அடிமைப்பயலே! கதவத் தொற."

"யாரு அடிமை? கம்பு தின்னு தின்னு குருவி மாதிரி கத்துற, நீயா எனக்கு எஜமானி?"

"சோத்துப் பானைக்குள்ள தலைய விட்டவனுக்கு எஜமானி குரல் எங்க கேக்கும்? தொறடா."

அவர் மேலே பார்த்தார். கேலி நின்றது.

"அக்கா, அந்தக் கிளை இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. வேணாம்கா."

"அக்காவா? அடிமைக்கு நான் எப்படா அக்கா ஆனேன்?"

(கேலியிலிருந்து வெளியேறினால் அவர் மறுக்கலாம். அவள் அவரை வெளியேற விடவில்லை. இதை நான் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.)

பூட்டைத் திறந்தார். வழிவிடாமல் குறுக்கே நின்றார்.

"சரி. இப்ப நான் கேக்கறேன், நீ மறுக்க முடியாது. குடுவைய எங்கிட்ட குடு. நான் போய் ஊத்தறேன்."

4

இங்கேதான் என் பேனா நின்றது. கொடுத்தால், பெற்றவள் கை இல்லை. மறுத்தால், உறவு இல்லை. கைப்பேசி ஒலித்து லாத்தீர் பேசுவதாக எழுதிப் பார்த்தேன். எழுதிய கை கூசிற்று. கிளை விழுவதாகத் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க—

இல்லை. நடந்ததையே எழுதுகிறேன். தெனிங் குடுவையைக் கொடுத்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

"பிடிச்சுக்கடா. சிந்தினா தோல உரிச்சுடுவேன்."

"உன் கை கீழ, என் கை மேல. அப்ப யாரு எஜமானி?"

"வாய மூடிட்டு நட."

விரிசல் கண்ட கிளையின் கீழ் இருவரும் ஒரே குடுவையைப் பற்றிக்கொண்டு போனார்கள். பால் வேரில் இறங்கிற்று.

5

லாத்தீரின் படகைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை, எழுதவும் மாட்டேன். அதைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். தாழ்மையான ஒரு விண்ணப்பம் மட்டும்: அவனைக் கரையேற்றுவதாயின், அவளைக் காக்க வைக்காதீர்கள்.