லோர்னாவின் தொண்ணூறு நொடிகள்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருடியவன் நான். திருடியது ஒரு தாள். பென்சிலில் எழுதிய நூற்றைம்பது பெயர்கள், ஓரத்தில் பொரித்த சீஸின் எண்ணெய்க் கறை. அமெரிக்காவின் மேனிடோவாக் ஊரில், ரிட்டாவின் மதுக்கடைப் பின்னறையில், மேசை துடைப்பவர் அதைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தாளின் சொந்தக்காரன் டேல் என் நண்பன். (அவனுக்குத் தமிழ் தெரியாது. என் தைரியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.)

தாளில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதையை எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

[செப்டம்பரின் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மிச்சிகன் ஏரி ஒரு பெரிய வெள்ளித் தட்டைப் போல—]

வேண்டாம். அந்தப் பின்னறைக்கு ஜன்னலே கிடையாது. ஏரியை யார் பார்த்தது?

[லோர்னா வான்டெஹே தன் வாழ்நாளில் துணிந்து எதையும்—]

இது பொய். லோர்னா கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள். ஜனவரிப் புயலில், முன்னால் சாலை இருக்கிறதா என்றே தெரியாத வெள்ளையில், பதினெட்டு டன் இரும்பை ஓட்டிப் போகிறவளைப் பற்றி அப்படி எழுதக் கை கூசுகிறது. அவளுக்குத் துணிச்சல் வராத ஒரே இடம் ஃபேண்டசி ஃபுட்பால். ஆக, கதை அங்கேதான் தொடங்க வேண்டும்.

2

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். நாங்கள் பத்துப் பேர் அதைக்கூட ஆடுவதில்லை. நிஜ ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஒருவர் எடுத்த ஆள் இன்னொருவருக்குக் கிடையாது. அந்த ஆள் நிஜ மைதானத்தில் எவ்வளவு தூரம் பந்தைக் கொண்டுபோகிறானோ, அவ்வளவு புள்ளி எடுத்தவருக்கு. அதாவது, எவனோ முட்டி தேய ஓட, நாம் சோபாவில் சாய்ந்தபடி ஜெயிப்பது அல்லது தோற்பது. நான் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆட்களைப் பங்கு போடும் நாளுக்கு டிராஃப்ட் என்று பெயர்.

பத்தொன்பது வருடமாக எங்கள் டிராஃப்ட் ரிட்டாவின் பின்னறையில், ஒரே மேசையில். முறை வந்ததும் தொண்ணூறு நொடிக்குள் பெயர் சொல்ல வேண்டும். சொன்ன பெயரைச் சீட்டில் எழுதிச் சுவரில் உள்ள பலகையில் ஒட்டுவது என் வேலை. ஆட்டம் வராவிட்டாலும் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். ஏற்கெனவே போன ஆளின் பெயரை யாராவது தெரியாமல் சொல்லிவிட்டால், அந்தச் சுற்றில் அவர் கடைசிக்குப் போக வேண்டும். கூடவே, மாலைவரை ரிட்டாவின் இளஞ்சிவப்பு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதை நான் நான்கு முறை கட்டியிருக்கிறேன். எனக்குப் பொருந்தும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கதை அதன்மீதுதான் நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் ஜெயிப்பவர் ஒரு விதி போடலாம். அடுத்து ஜெயிப்பவர் மட்டுமே அதை மாற்ற முடியும். ஓட்டெடுப்பு, கெஞ்சல், அழுகை எதுவும் செல்லாது.

போன வருடம் ஜெயித்தவன் பிரெட். டென்வருக்குக் குடிபோனவன், இதற்காக மட்டும் வருடாவருடம் இரண்டு விமானம் மாறி வருகிறான். அவன் போட்ட விதி: இந்த வருடத்தோடு மேசை முடிந்தது. அடுத்த வருடத்திலிருந்து அவரவர் வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நான் அவனை வில்லனாக்க முயன்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டான்.

3

லோர்னாவும் டேலும் அக்கா தம்பி.* நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா இருந்த வீட்டை விற்பதில் வந்த தகராறு. யார் பக்கம் நியாயம் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவீர்கள் என்பதால் சொல்லவில்லை.

(* அந்த ஊரில் அக்காவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டேலை ஒரு முறையாவது "அக்கா" என்று சொல்லவைக்க எனக்குக் கொள்ளை ஆசை. அது என் ஆசை, அவனுடையது இல்லை.)

ஆனால் மேசையில் யார் எங்கே உட்காருவது என்பது பத்தொன்பது வருடம் முன்பே முடிவானது. டேலுக்கு வலப்பக்கம் லோர்னா. பேச்சு நின்றபின்னும் இருவரும் இடம் மாறவில்லை. வருடத்தில் அந்த ஒரு மதியம் மட்டும் அவர்களுக்குள் ஏழெட்டு வார்த்தை ஓடும். கெட்சப் எங்கே, உன் முறை, நாற்காலியைத் தள்ளு. அவ்வளவுதான்.

அன்று உள்ளே போகும் முன் வண்டி நிறுத்துமிடத்தில் லோர்னா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழாவது எடத்துல வந்து வந்து எனக்கே அலுத்துப்போச்சு. இந்த வருஷம் நான் ஜெயிச்சாகணும்," என்றாள்.

எதற்கு இவ்வளவு வேகம் என்று கேட்டேன்.

"அடுத்த வருஷமும் அவன் பக்கத்துல உட்கார்ந்து கெட்சப் கேக்கறதுக்குத்தான். போன் பண்ணா எடுக்கறதில்ல. லெட்டர் போட்டா பதில் இல்ல. இங்க மட்டும்தான் நான் கேட்டா அவன் வாயைத் திறக்கறான். இதை எங்கயாவது எழுதி வெச்ச, உன் வீட்டு வாசல்ல இருக்கற பனியை இந்த வருஷம் நீயே தள்ளிக்க."

இந்தக் குளிருக்கு ஒரு நல்ல மண்வெட்டி வாங்க வேண்டும்.

4

ஜெயிக்க வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். அதன் பெயர் டேவியன் ஓக்ஸ்.

ஓக்ஸ் பந்தைச் சுமந்து ஓடுகிறவன். சாதாரண வருடமாக இருந்தால் முதல் சுற்றிலேயே போய்விடுவான். ஆனால் ஜூலையில் அவன் காரை இழுத்துப் போக வந்த டோயிங் வண்டிக்காரரோடு ஒரு தகராறு. அந்த மனிதர் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். ஓக்ஸ் தள்ளினானா, அவர் தானே வழுக்கினாரா? வீடியோவில் பாதிதான் இருக்கிறது. ஓக்ஸுக்கு ஆடத் தடை உண்டா இல்லையா என்பது செவ்வாய்க்கிழமை மாலை தெரியும். எங்கள் டிராஃப்ட் ஞாயிறு. தடை வந்தால், பதினான்கு வாரத்தில் ஆறு வாரம் ஆள் வெளியே. எடுத்தவர் எழுந்திருக்கவே முடியாது. வராவிட்டால், எடுத்தவரை யாரும் பிடிக்க முடியாது.

நான் எழுதுகிறவன். ஒரே வரியில் அவனை நிரபராதி ஆக்கிவிடலாம். [வீடியோவின் மறுபாதி கிடைத்தபோது—] என்று தொடங்கியும் பார்த்தேன். லோர்னாவுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரிவது நியாயமாகப் படவில்லை. விட்டுவிட்டேன்.

5

முதல் இரண்டு சுற்றில் விசேஷம் ஒன்றும் இல்லை. முதல் ஆளாக பிரெட் ஜோனா வெல்ச்சை எடுத்தான். பலகையின் உச்சியில், என் கொட்டை எழுத்தில், வெல்ச். லோர்னா வழக்கம்போல் காயம்படாத, சண்டை போடாத, தினமும் பல் தேய்க்கிற இரண்டு பேரை எடுத்தாள். ஓக்ஸின் பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லை.

மூன்றாம் சுற்றில் டேலுக்கு எட்டாவது முறை, லோர்னாவுக்கு ஒன்பதாவது. ஏழு பேரும் ஓக்ஸைத் தாண்டிப் போனார்கள். டேல் தாண்ட மாட்டான் என்று மேசைக்கே தெரியும். மூன்று முறை ஜெயித்தவன். மூன்று முறையும் இப்படி மற்றவர்கள் பயந்து விட்ட ஆளை எடுத்துத்தான் ஜெயித்தான். லோர்னா பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓக்ஸின் பெயரை எழுதவே தொடங்கிவிட்டேன்.

டேல் தன் தாளைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். ஒரு பொரித்த சீஸை வாயில் போட்டு நிதானமாக மென்றான்.

"ஜோனா வெல்ச்," என்றான்.

மேசை சிரிப்பில் அதிர்ந்தது.

"டேல், அவன் என் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாச்சு. குளிச்சு சாப்பிட்டே முடிச்சிட்டான்," என்றான் பிரெட்.

எங்கள் பத்துப் பேர் குழுவின் தலைவர் கஸ், கல்யாண வீட்டில் மாலை எடுத்து வருவது போல ஏப்ரனை இரு கையிலும் ஏந்தி வந்தார். "பத்தொம்பது வருஷத்துல உனக்கு இதான் முதல் தடவை. கண்ணை செக் பண்ணுடா."

டேல் வாதாடவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். முன்முடிச்சு சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு வலப்பக்கம் திரும்பாமலே, "உன் முறை," என்றான்.

6

இனி அந்தத் தாள்.

அதில் வெல்ச்சின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. ஸ்கேல் வைத்து, நேராக, ஓரத்தில் "1 - பிரெட்" என்ற குறிப்போடு. ஓக்ஸின் பெயரைச் சுற்றி இரண்டு வட்டம்.

போன ஆள் என்று தெரிந்தேதான் சொன்னான் என்று சட்டென்று முடிவு கட்டினேன். அக்காவுக்கு விட்டுக்கொடுத்தான், விட்டுக்கொடுத்தது தெரியக் கூடாது என்று முட்டாள் வேஷம் போட்டான். நான்கு வருடம் பேசாத ஒருத்திக்கு நல்லது செய்து மாட்டிக்கொள்வதைவிட இளஞ்சிவப்பு ஏப்ரன் எவ்வளவோ மேல். இப்படி நம்பிக் கதையை மடமடவென்று எழுதினேன்.

பிறகு சந்தேகம் வந்தது. தன் தவறு தெரிந்தபின் எரிச்சலில் அடித்திருக்கலாமே? வட்டம் போட்டது ஆசைப்பட்டதற்கா, எச்சரிக்கைக்கா? என் இரண்டாம் வரைவில் ஒரு காட்சி இருந்தது. ["அவளுக்காகத்தான்டா," என்று சொல்லி டேல் கண்—] டேல் வீடுகளைச் சூடாக்கும் ஹீட்டர்களை ரிப்பேர் செய்கிறவன். முப்பது வருடமாக அடித்தள அறைகளில் முகத்தில் புகை வாங்கியவன். அவன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. கதைக்காக அவனை அழவைக்க எனக்கு உரிமை இல்லை. தாளைத் திருடியதே போதும்.

7

தொண்ணூறு நொடி.

முதல் இருபதில் லோர்னா பலகையைப் பார்க்கவில்லை, ஏப்ரனைப் பார்த்தாள். வேலை விஷயத்தில் தம்பி ஒரு ஸ்க்ரூவைக்கூட இடம் மாற்றி வைக்காதவன் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும்.

அடுத்த முப்பதில் தன் பட்டியலைப் பார்த்தாள். அதில் ஒரு நல்ல பையன் இருந்தான், கேல் பிரிமர். அவனை எடுத்தால் ஏழாவது இடம் நிச்சயம். என் வரைவு ஒன்றில் அவள் பிரிமரை எடுத்துவிட்டாள். கதை அங்கேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டது.

"செவ்வாய்க்கிழமை அழப்போற, லோர்னா," என்று பிரெட் சீண்டினான்.

"தள்ளினானா, வழுக்கினாரா, எனக்குத் தெரியாது," என்றாள் லோர்னா. யாரிடம் சொல்கிறாள் என்று தெளிவாக இல்லை. "பாதி பாத்துட்டு யாரையும் குத்தவாளி ஆக்கவும் மாட்டேன், தலைல தூக்கி வெச்சு ஆடவும் மாட்டேன். மீதி தெரியறவரைக்கும் காத்திருந்தா ஆள் போயிடுவான். ரோடு தெரிஞ்சப்புறம்தான் வண்டியை எடுப்பேன்னா, பனிக்காலத்துல இந்த ஊர்ல ஒருத்தரும் வேலைக்குப் போக முடியாது."

கஸ் பத்து நொடி என்றார்.

"டேவியன் ஓக்ஸ். எழுது."

எழுதினேன். ஒட்டினேன்.

பிறகு அவள் டேல் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய் சாயங்காலம் என்ன ஆச்சுன்னு உனக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

"நியூஸ்ல வரும். நானே பாத்துக்குவேன்."

"தெரியும். இருந்தாலும் பண்ணுவேன்."

டேல் கெட்சப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைக் கேட்டிருக்கவில்லை.

8

முடிவு.

செவ்வாய்க்கிழமை என்ன தீர்ப்பு வந்தது என்பது எனக்குத் தெரியும். தடை வந்து லோர்னா கடைசியாக வருகிற முடிவு ஒன்றும், தடை நீங்கி அவள் ஜெயித்து, "மேசை இருக்கும், ஆள் வரணும்" என்று விதி போடுகிற முடிவு ஒன்றும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் மோசமில்லை. ஆனால் இரண்டையும் தரப்போவதில்லை. அவள் அந்த ஆட்டக்காரனை வெறும் வெற்றிக்காக எடுக்கவில்லை. கதையை நான் வெற்றி தோல்வியில் முடித்தால் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

செவ்வாய், மாலை ஆறு பத்து. யாரோ ஒருவர் வீட்டின் அடித்தள அறை. ஹீட்டரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டேல் மண்டியிட்டிருக்கிறான், கையெல்லாம் கரி. செய்தியை அரைமணி முன்பே பார்த்துவிட்டான். கருவிப்பெட்டி மேல் போன் அடிக்கிறது. திரையில் அவள் பெயர். நான்கு முறை அடித்தாயிற்று; ஆறாவதில் நின்றுவிடும்.

அவன் கையைப் பேண்ட்டில் துடைக்கிறான்.

ஐந்து.