நாற்பத்தைந்தும் ஐம்பத்தைந்தும்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கட்டின மனைவிக்கு மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் காட்டியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளும் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டாள். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிறகுதான் மாஸ்டர் அவளை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார். "கிளச்ச மெதுவா விடு... மெதுவா! அது என்ன உன் எதிரியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் அவள் அழுததும் உண்டு. ஆனாலும் கற்றுக்கொண்டாள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு யார் இருக்கிறார்கள்?

அவள் ஓரளவு ஓட்டப் பழகியதும் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். ஜன்னலோரம் நாற்காலி; காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தம்பி தன் காரை விற்றான். விற்கும் முன்னால் அதிலிருந்த பதினேழு அங்குல அலாய் வீல் நான்கையும் டயரில்லாமல் வெறும் உலோகச் சக்கரமாகக் கழற்றி, "மாமா இதையே வெறிச்சு வெறிச்சுப் பாப்பாருக்கா, அவரே வச்சுக்கட்டும்" என்று கொண்டுவந்து இறக்கினான். மாஸ்டரின் கார் பதினைந்து அங்குலச் சக்கரத்தில் ஓடுகிற வண்டி. அன்று அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தானாகவே வாசல்வரை நடந்தார். வலது கையால் ஒவ்வொரு வீலையும் தடவினார். "இதுக்கு டயர் பாக்கணுமே" என்றார். பல மாதம் கழித்து அவராகப் பேசிய முழு வாக்கியம் அது. அவள் சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டயர் கணக்கு அவளுக்கும் தெரியாததில்லை. முன்னறையில் அவர் வகுப்பெடுக்கும்போது அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம். டயர்மேல் மூன்று எண் இருக்கும். முதல் எண் அகலம். கடைசி எண் வீலின் அளவு. நடுவில் இருப்பது ரப்பரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் இத்தனை சதவீதம் என்று அர்த்தம். "வீல் பெருசானா ரப்பர் குட்டையாகணும். மொத்த உயரம் மாறக்கூடாது. குடும்பம் மாதிரிதான்பா, ஒருத்தர் எகிறினா இன்னொருத்தர் அடங்கணும்" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். உள்ளே அவளும் சிரிப்பாள்.

இரண்டு நாள் விரல்விட்டுக் கணக்குப் போட்டுவிட்டு மாஸ்டர் சொன்னார்: "இருநூத்தி அஞ்சு, ஐம்பத்தஞ்சு, பதினேழு. முன்னாடி நடுவுல அறுபத்தஞ்சு இருந்தது. பத்து குறைச்சாச்சு. சரியா போச்சு."

அவளுக்குப் பகீரென்றது. பத்து என்ன பத்து? அகலமும் அல்லவா நூற்று எண்பத்தைந்திலிருந்து கூடியிருக்கிறது! அந்தக் கணக்குப்படி ரப்பர் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாது. வீலோ பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. நடுவில் நாற்பத்தைந்து வர வேண்டும்.

"ஏங்க, நாப்பத்தஞ்சு இல்லையா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. ஏதோ ஓர் இடத்தில் தடுக்கி நின்று, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் தடவை நெற்றி வியர்த்துவிட்டது. "நான் சொல்றது சரிதான்!" என்று கத்தினார். "கையும் காலும்தான் போச்சு. மூளையும் போச்சுன்னு நினைச்சியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க" என்றாள் அவள்.

டயர்க் கடைக்காரர் மாஸ்டரிடம் ஓட்டப் பழகியவர். அளவைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அவளைக் காற்றடிக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் கூப்பிட்டு, "அக்கா, இது உரசும். வளைக்கும்போது உள்ள போய் இடிக்கும். ஸ்பீடோமீட்டரும் குறைச்சுக் காட்டும்" என்றார்.

"தெரியும் தம்பி. நீங்களே அவர்கிட்ட சொல்லிப் பாருங்களேன்."

கடைக்காரர் போனார். காரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில், நெடுநாள் கழித்துச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "வாடா, என்ன, கணக்கு மறந்துட்டியா? லைசென்ஸ் வாங்குறதுக்குள்ள எட்டு தடவ என் கார இடிச்சவன்தானே நீ!" என்று அவர் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். சிரித்தபடியே திரும்பி வந்து, "என்னால முடியலக்கா" என்றார். "இங்கயே ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. மெதுவா போங்க. டயர் அழுக்காகாம இருந்தா நான் மாத்திக்கிறேன்."

கொதிக்கிற எண்ணெய்க்கும் அடுப்புக்கும் நடுவில் நிற்பதுபோல் நின்றாள் அவள். பிறகு, மாட்டச் சொன்னாள்.

வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் உயர்ந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மாஸ்டர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை ஒற்றைக் கையால் தானே மாட்டிக்கொண்டார். அவள் உதவப் போகவில்லை. நேர்ச் சாலையில் ஒரு சத்தமும் இல்லை. "பாத்தியா?" என்றார். "பாத்தேங்க" என்றாள். அந்தச் சாலை இப்படியே வளையாமல் போய்க்கொண்டிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

கடைக்குத் திரும்ப, மரக்கடை முனையில் வண்டியை முழுசாக ஒடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஸ்டியரிங் கடைசிவரை போனதும் முன்சக்கரத்திலிருந்து 'கர்ர்ர்' என்று ரம்பம் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அவள் காலில் தடதடப்பு ஏறியது.

"நிறுத்து!" என்றார் மாஸ்டர். அந்தக் குரல் பழைய குரல். திணறல் இல்லை, தேடல் இல்லை. "டயர் உள்ள உரசுது. ரப்பர் உசரம் ஜாஸ்தி. நாப்பத்தஞ்சு போட வேண்டிய இடத்துல ஐம்பத்தஞ்சப் போட்டிருக்கான். எந்த மடையன் இந்த சைஸ் சொன்னது?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"நான்தாங்க" என்றாள். "நான்தான் கடையில மாத்திச் சொல்லிட்டேன்."

"உனக்கு எத்தனை தடவ..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். அவள் பக்கம் திரும்பி அவள் முகத்தையே பார்த்தார். லாரிக்காரன் மறுபடி ஹாரனை அழுத்தினான். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நீ நாப்பத்தஞ்சுன்னுதானே சொன்ன" என்றார் மெதுவாக. "வீட்டுல. நான்தான் கத்தினேன்."

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசை.

"கடையில அவனுக்கும் தெரியுமா?"

அவள் வண்டியை ஓரம்கட்டி லாரிக்கு வழி விட்டாள். மாஸ்டர் தன் வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கடை வரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் எவ்வளவு மெதுவாக ஒடித்தாலும் அந்தச் சத்தம் வந்தது.

கடைக்காரர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எது சரின்னு படுதோ அதப் போடுப்பா" என்றார் மாஸ்டர். 'டா' இல்லை, 'ப்பா' வந்திருந்தது. கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சக்கரம் கழற்றுகிற இடத்தில் மூக்கை நுழைக்காமல் இருந்தவரே இல்லை அவர். அன்று சுவரோரப் பெஞ்சில், வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நட்டு முடுக்குகிற துப்பாக்கி 'டர்ர் டர்ர்' என்று அலறியது. அது அடங்கும் இடைவெளியில் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் மனசுக்குள் தேடினாள். பக்கவாதம் வந்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. இத்தனை வருஷக் குடும்பத்தில் சேர்த்துவைத்த பேச்சில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறக்க முடியவில்லை. அவளிடமே நீட்டினார்.