மூன்றாம் சன்னல், நான்காம் சன்னல்

ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கத்தான் தெற்குச் சுவரின் உட்பலகைகளைப் பெயர்த்தேன். எங்கள் ஊர் எபிஸ்கோப்பல் கிறிஸ்தவக் கோயிலான செயின்ட் பார்னபாஸுக்கும் மிசூரி ஆற்றுக்கும் நடுவில் பதினான்கு அடி நிலம்தான் மிச்சம். அடுத்த வெள்ளத்துக்கு அதுவும் இருக்காது. கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் சபை மூப்பரான மேவிஸ் ஒரே பதில்தான் சொல்வாள்: "நூத்து நாப்பது வருஷமா ஒரே எடத்துல நிக்கற மரம். தொட்டா பொடிப்பொடியாயிடும்." இடித்துவிட்டுப் பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்ந்துகொள்வதா என்று ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. சேர்வதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

பெயர்த்த இடத்தில் வெளிச்சுவர்ப் பலகைகளின் பின்புறம் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் ஓர் எண். ஆணித்துளைகள் இரண்டிரண்டு ஜோடி; ஒரு ஜோடி காலி. முதல்முறை ஆணி அடிப்பவன் பலகைக்கு எண் போடமாட்டான். இந்தக் கோயில் வேறெங்கோ நின்று, கழற்றப்பட்டு, இங்கே வந்து மறுபடி எழுந்தது. வெகுநேரம் முழங்காலிலேயே இருந்தேன்.

அப்புறம்தான் சன்னல்கள் உறைத்தன. சுவர் நான்கு துண்டு. துண்டுக்கு ஒரு வண்ணக்கண்ணாடிச் சன்னல். ஒரு துண்டின் பலகைகளுக்கெல்லாம் ஒரே எண்; அவை ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று என்று போயின. எங்கள் கோயிலில் உயிர்த்தெழுதல் மூன்றாவதாகவும் கல்லறை அதற்குப் பின்னால் கடைசியாகவும் இருக்கும். முன்னோர்கள் நம்பிக்கையை முன்னால் வைத்தார்கள் என்று ஈஸ்டர்தோறும் பிரசங்கம். நோராவை, என் மனைவியை, அடக்கம் செய்த அன்றும் போதகர் அதைத்தான் சொன்னார். அந்தக் குளிர்காலத்தை நான் கடந்தது அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு.

பலகையைத் திரும்ப அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சுத்தியல் கையில்தான் இருந்தது. கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அப்போ, தச்சன் மாத்தி வெச்சதைத்தான் இத்தனை வருஷமா பிரசங்கம் பண்ணிட்டிருந்தோமா, வெண்டல்?"

"ஆமா."

"நீ வாயைத் தொறக்காம இருந்திருக்கலாம். அதுதான் உனக்கு நல்லா வருமே."

"முன்னாடியே ஒருதடவை கழட்டியிருக்காங்க, மேவிஸ்."

"மறுபடி ஏத்தினா நிக்குமா?"

"மாத்தி வெச்சே இவ்வளவு நாள் நின்னிருக்கு."

பதினேழு பேர் இருந்தோம். கோயிலை மேட்டுக்குக் கொண்டுபோகக் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மேவிஸின் கை கடைசியில் உயர்ந்தது, ஆனால் முழுசாக.

ஆகஸ்டில் வேலை தொடங்கியது. பழைய சிவப்பு எண்களுக்குப் பக்கத்தில் நான் சுண்ணக்கட்டியால் புது எண்களைப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்று. இரண்டு. அடுத்தது உயிர்த்தெழுதல் சன்னல்.

"இதுக்கு என்ன நம்பர் போடப்போறே? மூணா, நாலா?" என்றாள் மேவிஸ், ஏணியைப் பிடித்தபடி. பலகையிலிருந்த பழைய சிவப்பு நான்கை விரலால் தடவிப் பார்த்தேன்.

கரையிலிருந்து ஒரு மண்கட்டி ஆற்றில் விழும் சத்தம் கேட்டது. சுண்ணக்கட்டி பிடித்த என் கைமேல் சன்னலின் மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது.